பழைய மில்லின் வடக்குக் கண்ணாடியை மூடாதீர்கள்
பஞ்சாலையைக் கலைக்கூடமாக மாற்றும்போது ரம்பப் பல் கூரையை (ரம்பத்தின் பற்கள் போல வரிசையாக ஏறி இறங்கும் கூரை) ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்துவிடாமல், அதில் வடக்குப் பார்த்திருக்கும் கண்ணாடிகளை முதலில் நன்றாகக் கழுவிப் பாருங்கள். நேர் வெயில் அதிகம் படாமல் வானத்து வெளிச்சம் மட்டும் சீராக இறங்குவதால் ஓவியம், சிற்பம், பயிற்சி வகுப்பு எல்லாவற்றுக்கும் பகலில் லைட்டே பெரும்பாலும் தேவைப்படாது, அப்புறம் அந்த லைட்டுகளின் சூடும் உள்ளே சேராது. ஒன்று, கோவை மாதிரி 11 டிகிரி அட்சரேகையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிக்கு மேல் வரை நடுப்பகல் சூரியன் வடக்கே நிற்கும், அதனால் கண்ணாடிக்கு மேல் சின்ன சன்ஷேடு வைத்தே ஆகவேண்டும். நாடகமோ படமோ போடும் ஹாலுக்கு இது சரிவராது, அங்கே இருட்டுதான் வேண்டும். கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நீங்களாகத் தேய்க்கவோ துளையிடவோ போகாதீர்கள்.