தள்ளுபடி நாளில் கம்ப்யூட்டர் பாகம் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆடித் தள்ளுபடி என்றால் முன்பெல்லாம் ஜவுளியும் பாத்திரமும்தான். இப்போது கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகமான ரேமுக்கும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கும்கூட ஆடி பிறக்கிறது. அது முடிந்தால் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஒன்று, நவராத்திரி சமயத்தில் ஆன்லைன் கடைகளின் பெரிய விற்பனை, பிறகு தீபாவளி, ஜனவரியில் பொங்கலும் குடியரசு தினமும். காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடையானாலும் சரி, கைப்பேசியில் திறக்கிற கடையானாலும் சரி, ஒன்றை விட்டால் அடுத்தது கொஞ்ச நாளில் வந்து நிற்கும். அதனால் "இன்னும் 2 மணி நேரம் மட்டும்" என்று ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்துப் பதற வேண்டியதே இல்லை.

பதறினால் என்ன ஆகிறது? எது மலிவு என்று முதலில் பார்க்கிறோம், வாங்கிவிடுகிறோம், நம் கம்ப்யூட்டரில் அது சேருமா என்பதைக் கடைசியில் பார்க்கிறோம். தள்ளுபடியில் பணம் போவது பெரும்பாலும் இந்தத் தலைகீழ் வரிசையால்தான்.

கல்லுக்கட்டிப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவர் 16 ஜிபி ரேம் நல்ல விலைக்கு வருகிறது என்று ஆர்டர் போட்டார். அவர் கடையில் ஓடுவது இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், எச்61 போர்டு (பாகங்களை மாட்டும் மதர்போர்டு). அது டிடிஆர்3 என்ற பழைய வகை ரேமை மட்டும்தான் ஏற்கும். வந்தது டிடிஆர்4. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீளம் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடிப்பக்கம் தங்க நிறப் பின்களுக்கு இடையே ஒரு வெட்டு இருக்கிறதே, அதைக் கவனியுங்கள். டிடிஆர்3-ல் அது நடுவிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கும். டிடிஆர்4-ல் நடுவை ஒட்டி இருக்கும், அடி விளிம்பும் லேசாக வளைந்திருக்கும். முன்னதில் 240 பின், பின்னதில் 288. ஸ்லாட்டில் இருக்கும் சின்ன மேட்டில் வெட்டு உட்காராது. அழுத்திப் பார்த்தால் உடைவது போர்டில் உள்ள ஸ்லாட். சரி, திருப்பி அனுப்பலாம் என்றால் அந்தப் பொருளுக்கு "7 நாள் ரீப்ளேஸ்மென்ட் மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதாவது அந்த டிடிஆர்4-ஐ வாங்கிக்கொண்டு இன்னொரு டிடிஆர்4 தருவார்கள்!

இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் போர்டின் பெயர், ரேம் வகை எல்லாம் வந்துவிடும். விண்டோஸ் 10-லும் 11-லும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி பக்கம் போனால் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்றும் காட்டும். போர்டின் பெயரைத் தேடி, அதிகபட்சம் எவ்வளவு ரேம் ஏற்கும், சின்ன எஸ்எஸ்டியை நேராக மாட்டும் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, எந்த ப்ராசஸர் வரை தாங்கும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் தள்ளுபடிப் பக்கத்தைத் திறங்கள். லேப்டாப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மெலிசான மாடல்கள் பலவற்றில் ரேமைப் போர்டோடு சேர்த்தே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற வழியில்லை.

அடுத்து, எங்கே இழுக்கிறது என்று பார்க்காமலே செலவு செய்வது. கம்ப்யூட்டர் "ஸ்லோ" என்று சொல்லும்போதே டாஸ்க் மேனேஜரை ஒரு பார்வை பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? பழைய ஹார்டு டிஸ்க்தான் வில்லன். பழைய சுழலும் டிஸ்க் நொடிக்கு 100-150 எம்பி கொடுத்தால் அதிகம். ஹார்டு டிஸ்க் போலவே சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி 500-ஐத் தாண்டும். சிறுசிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் இடைவெளி இதைவிடப் பல மடங்கு. டேலி, தமிழ் டைப்பிங், பிரவுசர் என்று இருப்பவருக்கு இந்த ஒரு மாற்றமே போதும், ப்ராசஸரைத் தொடவே வேண்டாம். ஆனால் இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. நொடிக்கு 3,500, 7,000 எம்பி என்று எண் போட்ட, இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைப் பார்த்து மயங்கி, எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய போர்டுக்கு வாங்கிவிடுகிறார்கள். ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டா வகையை மட்டும் ஏற்பதாக இருக்கலாம். எஸ்எஸ்டிக்கும் தலைமுறை உண்டு (பிசிஐஇ தலைமுறை, ப்ராசஸர் தலைமுறை வேறு): மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி ஓடும், ஆனால் மூன்றின் வேகத்தில்தான். டேலியில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

செட்டிநாட்டு வீடுகளுக்கென்று தனியாக ஒரு சிக்கல் உண்டு. முகப்பில் மோடம், இரண்டாங்கட்டில் கம்ப்யூட்டர், நடுவில் வளவு என்ற முற்றப் பகுதியும் அந்தக் காலத்துத் தடித்த சுவர்களும். சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு வீடியோ கால் பேசினால் படம் உறைந்து நிற்கிறது. உடனே "கம்ப்யூட்டர் பழசாயிருச்சு, ஆடியில மாத்திடுவோம்" என்கிறார் அப்பத்தா. மோடம் பக்கத்தில் ஒரு லேப்டாப்பை வைத்து அதே காலைப் பேசிப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குறை வைஃபையில். ஒரு லேன் கேபிள் இழுத்தால் முடிந்தது. கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எவ்வளவு நீள வீடானாலும் கவலையில்லை.

அதே வீட்டில் கம்ப்யூட்டர் பெட்டியை (கேபினட்) தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? பழைய ஒயரிங்கில் எர்த் சரியாக இல்லை என்று அர்த்தம். புதுப் பாகம் எதையும் மாட்டுவதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் கம்ப்யூட்டர் திணறுகிறது என்றால் தூசியைத் துடைத்து, ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். சில நூறு ரூபாயில் தீரும் வேலை அது.

இனி பணம் பெரிய அளவில் போகிற இடத்துக்கு வருவோம். "ஐ7 கம்ப்யூட்டர் முழு செட், நம்ப முடியாத விலை" என்ற விளம்பரம். ஐ7 என்ற பெயர் மட்டும் எதையும் சொல்லாது, தலைமுறையைக் கேளுங்கள். ஐ7-2600 வந்தது 2011-ல். 2022-ல் வந்த ஐ3-12100, அதே நான்கு கோர் வைத்துக்கொண்டு, அதை எளிதாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கும் பழைய சாமானுக்கு வயது ஏற ஏற மதிப்பு ஏறும். ப்ராசஸருக்கு அந்த யோகம் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாஃப்ட் ஏற்கிறது. குறுக்கு வழியில் ஏற்றிக் கொடுக்கிறேன் என்பார்கள். ஏறும், ஆனால் அப்டேட் நாளைக்கும் வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே நான்காம் தலைமுறைக்கு முந்தைய கம்ப்யூட்டரில் எஸ்எஸ்டியோடு நிறுத்திக்கொள்வது என் கட்சி. எஸ்எஸ்டியைப் புதுக் கம்ப்யூட்டருக்குக் கழற்றிக்கொண்டு போகலாம். டிடிஆர்3 ரேமில் போட்ட பணம் அங்கேயே நின்றுவிடும்.

ப்ராசஸர் வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ3-12100எஃப் என்று எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது, விலை குறைவதும் அதனால்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் மாட்டினால் திரை கறுப்பாகவே இருக்கும். ஏஎம்டியில் ரைசன் 5 5600-க்கும் இதே கதை. 5600ஜி என்றால் படம் வரும். அந்த உள் கிராபிக்ஸை நம்பி இருப்பவர்கள் ஒரே 16 ஜிபி ரேமுக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போட்டால் வேகம் நன்றாகவே கூடும்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் கிராபிக்ஸ் கார்டைத்தான் முதலில் தேடுவார்கள். கார்டு வாங்குவதற்கு முன்னால், பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும். கீழே 12 வோல்ட் வரியில் 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐயும் 18-ஐயும் பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். கார்டும் ப்ராசஸரும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. வீட்டில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் மட்டம் என்றால் முதல் செலவு அதற்குத்தான். கம்பெனிகள் கழித்துவிட்ட ஒல்லிக் கேபினட் கம்ப்யூட்டர்களில் எஸ்எம்பிஎஸ்ஸின் அளவும் இணைப்பும்கூடத் தனி ரகம், சாதாரணக் கார்டு உள்ளேயே போகாது. ஆர்ஜிபி விளக்கு, கண்ணாடிக் கேபினட் பற்றியெல்லாம் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

விலைக் கணக்குக்கு வருவோம். "70 சதவீதம் தள்ளுபடி" என்பது எம்ஆர்பியிலிருந்து. அந்த எம்ஆர்பிக்கு யாரும் என்றும் விற்றதில்லை. அமேசான் என்றால் கீப்பா போன்ற தளத்தில் அந்தப் பொருளின் பழைய விலைகளைப் பாருங்கள். வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம் என்பார்கள், அடியில் "அதிகபட்சம் ரூ.1,500" என்று இருக்கும். 40,000 ரூபாய்க்கு வாங்கினால் கழிவது 4,000 அல்ல, 1,500. நூற்றுக்கு நாலுகூட ஆகவில்லை. வட்டியில்லா இஎம்ஐயில் கடை வட்டியை விலையில் கழித்துக் காட்டும், வங்கி வட்டியை வாங்கிக்கொள்ளும், அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, மேலே பிராசஸிங் கட்டணம். வட்டிக் கணக்கை நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் பண்டிகை நேரத்தில் மறந்துவிடுகிறோம். "ஜிஎஸ்டி குறைந்துவிட்டது" என்ற பேனரும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கும் பெரிய டிவிக்கும் 28-லிருந்து 18 ஆனது. லேப்டாப், ப்ராசஸர், ரேமுக்கு முன்பும் 18, பின்பும் 18. ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் கடைக்காரர் என்றால் பில்லில் தன் எண்ணைப் போடச் சொல்லுங்கள். அந்த 18 சதவீதம் பெரும்பாலும் வரி வரவாக, அதாவது அவர் கட்ட வேண்டிய வரியில் கழிவாக, திரும்பும். பல தள்ளுபடிகளைவிட அது பெரிது.

காத்திருந்தால் எல்லாமே மலியும் என்பதும் உண்மையில்லை. 2025 கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. ஏஐ சர்வர்களுக்கு மெமரி தேவை கூடி, ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. குரூசியல் என்ற பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டு விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை ஏறுகிற நேரத்தில் தள்ளுபடிக்காக ஒதுங்கி நின்றால், கழிவு போகவும் போன மாதத்தைவிட அதிகம் கொடுக்க நேரும். மானிட்டரும் யுபிஎஸ்ஸும் அப்படி அல்ல, அவற்றைத் தீபாவளி வரை தள்ளிப்போடலாம்.

உள்ளூர்க் கடையில் 500 ரூபாய் அதிகம் சொல்கிறார்கள் என்றால் சட்டென்று எழுந்து வராதீர்கள். பழுதானால் சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேளுங்கள். பிராண்டைப் பொறுத்து மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டியிருக்கும், இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். "கொண்டு வாங்க, நாங்க அனுப்பி வாங்கித் தர்றோம்" என்று கடைக்காரர் சொன்னால் அந்த 500 அங்கேயே கழிந்துவிட்டது. ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து, சீரியல் எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் பழைய கம்ப்யூட்டரைக் கொடுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். டெலீட் செய்தாலும் குயிக் ஃபார்மேட் போட்டாலும் உள்ளே இருப்பது அழியாது. டேலி கணக்கையும் கல்யாணப் படங்களையும் மீட்டெடுக்க இலவச மென்பொருளே போதும். டிஸ்க் இல்லை என்று எக்ஸ்சேஞ்ச் விலையில் கொஞ்சம் குறைப்பார்கள். குறைத்துக்கொள்ளட்டும். ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கி அதே டிஸ்க்கை அதில் போட்டால் பேக்கப் எடுத்து வைக்க ஆகும்.