ஏமாற்றிய படத்தைப் பற்றி எழுதுவது எப்படி?

பிடிக்காத படத்தைப் பற்றி நண்பர்களிடம் கோபமாகப் பேசுவது எளிது. அதைப் பார்க்காத ஒருவருக்கும் அது ஏன் பிடிக்கவில்லை என்பது விளங்கும்படி எழுதுவதற்குத்தான் உழைப்பு தேவைப்படுகிறது. "மொக்கை", "நேர விரயம்" போன்ற சொற்கள் நம் மனநிலையைத் தெரிவிக்கின்றனவே ஒழிய, படத்தைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை.

திரையரங்கிலிருந்து வெளியே வந்த அன்றே, உங்கள் மனம் எந்தக் காட்சியில் படத்தைவிட்டு விலகியது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை எடுத்து மணி பார்த்த இடம், பக்கத்து இருக்கைக்காரர் கொட்டாவி விட்ட இடம், சோகக் காட்சியில் அரங்கமே சிரித்த இடம் ஆகியவை எல்லாம் பயன்படும் குறிப்புகள். மறுநாள் எழுத உட்காரும்போது, ஒட்டுமொத்த எரிச்சல் மட்டுமே நினைவில் எஞ்சியிருக்கும், காட்சிகள் மங்கிவிடும்.

அடுத்து, நீங்கள் எதை எதிர்பார்த்துப் போனீர்கள் என்பதை உங்களுக்கு நீங்களே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். முன்னோட்டம் ஒரு சண்டைப் படத்தைக் காட்டிவிட்டு, உள்ளே குடும்பக் கதை ஓடியிருந்தால், அந்தக் குறை விளம்பரத்தைச் சேர்ந்தது. இயக்குநரின் முந்தைய படத்தையே மீண்டும் பார்க்கலாம் என்று நீங்கள் ஆசைப்பட்டிருந்தால், அதற்குப் படம் பொறுப்பாகாது.

நம் ஊரில் அதிகம் கேட்கும் குறை, "முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதிதான் சரியில்லை" என்பது. இதை அப்படியே எழுதிவிடாமல் ஒருமுறை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். இடைவேளைக்குப் பிறகு சரியும் படங்கள் பலவற்றில் குறை முதல் அரைமணி நேரத்திலேயே விதைக்கப்பட்டிருக்கும். தங்கையின் சாவுக்குப் பழிவாங்கக் கிளம்பும் நாயகன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அந்தத் தங்கை ஒரு பாடலில் சிரித்து, அடுத்த காட்சியில் இறந்துபோகிறாள். அவள் எதற்குக் கோபப்படுவாள், அண்ணனிடம் எதை மறைப்பாள் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பின்னால் எத்தனை பேர் வெட்டுப்பட்டாலும் நமக்குள் எதுவும் நிகழ்வதில்லை. இங்கே சலிப்பு தெரிவது இரண்டாம் பாதியில். காரணம் இருப்பது முதல் பாதியில். இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வதையே நான் விமர்சனத்தின் முதன்மையான வேலையாகக் கருதுகிறேன். வில்லன் தாமதமாக வருவது, பார்வையாளர் ஏற்கெனவே ஊகித்துவிட்ட முன்கதையை இருபது நிமிடம் விரித்துச் சொல்வது ஆகியவற்றையும் இதே முறையில் தேடிப் பார்க்கலாம்.

குறை எவ்வளவு துல்லியமாகச் சொல்லப்படுகிறதோ, அவ்வளவு பயன் உண்டு. 2024 நவம்பரில் 'கங்குவா' வெளியானபோது, ஒலி காதைத் துளைக்கிறது என்று பார்வையாளர்கள் குறிப்பாகச் சொன்னார்கள். ஒலியளவை இரண்டு புள்ளிகள் குறைக்கும்படி தயாரிப்பாளரே திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். "படம் தாங்கவில்லை" என்று மட்டும் சொல்லியிருந்தால், எதைத் திருத்துவது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

யார்மீது குறை சொல்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரு காட்சி நீள்கிறது என்பதை நாம் காண்கிறோம்; அதை நீட்டியது எழுத்தாளரா, இயக்குநரா, படத்தொகுப்பாளரா என்பது இருக்கையிலிருந்து தெரியாது. எனவே காட்சியைக் குறை சொல்லுங்கள், ஆளை ஊகிக்காதீர்கள். நடிகரின் நிறம், எடை, வயது ஆகியவற்றைக் கேலி செய்வது விமர்சனமே ஆகாது. முடிவையும் திருப்பங்களையும் வெளியிடாதிருப்பது குறைந்தபட்ச மரியாதை.

படங்கள் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியபோது, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. எனவே முதல் நாளே எழுதலாம். ஆனால் முதல் நாளில் வணிகத் தீர்ப்பை எழுத வேண்டியதில்லை. 2003 பொங்கலுக்கு வந்த 'அன்பே சிவம்' திரையரங்குகளில் தோற்றது. இன்று அதைக் கொண்டாடாதவர்கள் குறைவு. "ஓடாது" என்ற கணிப்பை விட்டுவிட்டு, "எனக்கு இந்த இடத்தில் ஒட்டவில்லை, காரணம் இது" என்று எழுதியவரின் கட்டுரையை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

கட்டுரையின் அடியில், படத்தைப் பார்த்த தேதியையும் திரையரங்கிலா ஓடிடியிலா என்பதையும் மறவாமல் குறிப்பிடுங்கள். வெளியான பிறகு காட்சிகளைக் குறைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2002இல் வந்த 'பாபா'கூட 2022 டிசம்பரில் புதிதாகத் தொகுக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. நீங்கள் குறை சொன்ன காட்சி, உங்கள் வாசகர் பார்க்கும் பிரதியில் இல்லாமலேகூடப் போயிருக்கலாம்.