துறை ஆசிரியர்களின் ஆய்வுப் பட்டியலைப் பிழையில்லாமல் தயாரிப்பது எப்படி?

"கடந்த 5 ஆண்டு ஆய்வு விவரங்களை நாளை மாலைக்குள் அனுப்பவும்" என்ற சுற்றறிக்கை வந்தபின் உட்கார்ந்து எழுதும் பட்டியல் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவுக்கோ, மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசைக்கோ, பல்கலைக்கழக ஆண்டறிக்கைக்கோ, எங்கே போனாலும் ஒரு வரியைக்கூட விளக்கம் கேட்காமல் வெளியாள் ஒருவர் சரிபார்க்க முடிய வேண்டும். அதற்குப் பட்டியலை ஆண்டு முழுக்கப் பராமரிக்க வேண்டும். ஒரு துறைக்கு ஒரு எக்செல் கோப்பும் ஒரு பொறுப்பாசிரியரும் போதும்.

முதல் தவறு, ஆசிரியருக்கு ஒரு தாள் என்று போடுவது. ஒரே கட்டுரையில் மூன்று துறை ஆசிரியர்கள் இருந்தால் அது மூன்று முறை எண்ணப்பட்டுவிடும். கட்டுரைக்கு ஒரு வரி என்று வைத்து, எந்தெந்த ஆசிரியர் என்பதை இன்னொரு தாளில் டிஓஐ எண்ணோடு (ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர அடையாள எண்) இணையுங்கள். டிஓஐ 10 என்ற எண்ணில் தொடங்கும். அதன் முன்னால் ஒட்டிவரும் இணைய முகவரியை வெட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஒரே கட்டுரை இரண்டு வடிவில் நுழைந்து, இரட்டிப்பு கண்ணில் படாமல் போகும்.

வரியில் இருக்க வேண்டியவை: அச்சிட்ட தலைப்பு, அச்சிட்ட வரிசையிலேயே எல்லா ஆசிரியர் பெயரும், இதழ், ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), தொகுதி, இதழ் எண், பக்கம் அல்லது கட்டுரை எண், இணையத்தில் வெளியான தேதி, இதழில் சேர்ந்த தேதி, கட்டுரையில் அச்சான நிறுவன முகவரி, சான்றுக் கோப்பின் பெயர். இரண்டு தேதிகளும் தேவை. டிசம்பரில் இணையத்தில் வந்து மார்ச் இதழில் சேர்ந்த கட்டுரையை இரண்டு ஆண்டிலும் காட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. எந்தத் தேதியை எடுப்பது என்று ஒரு விதி வைத்து, எல்லாருக்கும் அதையே பின்பற்றுங்கள்.

தட்டச்சு தொடங்கும் முன் எல்லா நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுவது கட்டாயம். பக்கம் 5-12 என்று அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடும். கோடு இல்லாமல் அடித்த ஐஎஸ்எஸ்என் எண்ணின் முன் பூஜ்ஜியம் காணாமல் போகும். 16 இலக்க ஆர்க்கிட் எண் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) பூஜ்ஜியங்களில் தொடங்குவதால், கோடில்லாமல் அடித்தால் அவையும் காணாமல் போகும். மிஞ்சுவது உங்கள் எண்ணாக இருக்காது.

அடுத்தது பெயர். தமிழ்ப் பெயர்களில் பாதிச் சிக்கல் இனிஷியலால்தான். இதழ்களின் சமர்ப்பிப்புத் தளம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். மு. கவிதா என்பவர் முதற்பெயரில் கவிதா, குடும்பப்பெயரில் எம் என்று நிரப்பினால், மேற்கோள் பட்டியலில் 'எம், கே.' என்று அச்சாகும். யாராலும் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த கட்டுரையில் அப்பா பெயரை விரித்து எழுதினால் ஆய்வுக் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் தொகுக்கும் ஸ்கோப்பஸ் தரவுத்தளம் அவருக்கு இரண்டாவது ஆசிரியர் எண்ணைக் கொடுத்துவிடும். மேற்கோள்கள் இரண்டாகப் பிரிந்து, அவற்றைக் கொண்டு கணக்கிடும் ஹெச் குறியீடும் குறையும். அழைக்கும் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு இனிஷியலை முதற்பெயராக வைப்பது ஒரு வழி; அப்பா பெயரை முழுதாக விரித்துக் குடும்பப்பெயராக்குவது இன்னொரு வழி. பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே எது என்று முடிவுசெய்து, கடைசிவரை மாற்றக் கூடாது.

ஏற்கெனவே பிரிந்துபோயிருந்தால் ஸ்கோப்பஸ் தளத்திலேயே ஆசிரியர் பக்கங்களை இணைக்கக் கோரலாம், கட்டணம் இல்லை. அதோடு ஆர்க்கிட் கணக்கில் பழைய பெயர் வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். கூகுள் ஸ்காலரில் சிக்கல் தலைகீழ்: ஒரே பெயருள்ள வேறொருவரின் கட்டுரைகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். தானாகச் சேர்க்கும் வசதியை அணைத்து, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள். அடுத்தவர் உழைப்பு நம் கணக்கில் நிற்பதை அறியாமல் விட்டோம் என்பது விளக்கமாகாது.

இதழைச் சரிபார்க்கும்போது, இதழின் சொந்தப் பக்கத்தில் 'ஸ்கோப்பஸ் இண்டெக்ஸ்டு' என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். ஸ்கோப்பஸ் மூலப் பட்டியலில் ஐஎஸ்எஸ்என் போட்டுத் தேடி, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை சேர்க்கப்பட்டது என்பதைப் பாருங்கள். இடையில் நீக்கப்பட்ட இதழ்கள் நிறைய. நல்ல இதழின் பெயரையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். அங்கே பணம் கட்டிய கட்டுரை உண்மையான இதழில் இருக்காது. இதழின் பெயரை மட்டும் பார்க்காமல் கட்டுரைத் தலைப்பையே ஸ்கோப்பஸில் தேடினால் இது பிடிபடும். யுஜிசி, தான் ஏற்கும் இதழ்களைக் குறித்துவந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. எனவே பழைய கட்டுரைகளுக்கு, வெளியான நாளில் இதழ் அதில் இருந்ததற்கான திரைப்பதிவைப் பத்திரப்படுத்துங்கள்.

இம்பாக்ட் ஃபேக்டர் (இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் அளவு) என்றால் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் வாக்கில் வெளியிடுவது மட்டுமே. 2023 ஜூன் வெளியீட்டிலிருந்து அது ஒரு தசம இலக்கத்தோடுதான் வருகிறது. இப்போதைய இம்பாக்ட் ஃபேக்டர் 7.429 என்று ஓர் இதழ் சொன்னால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

காப்புரிமையில்தான் மிகைப்படுத்தல் அதிகம். விண்ணப்பித்தது, காப்புரிமை அலுவலக இதழில் வெளியானது, வழங்கப்பட்டது என மூன்று நிலைகள் உண்டு. விண்ணப்பம் 18 மாதம் கழித்துத் தானாக வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் முன்கூட்டியே வெளியாகும். அதற்குள் யாரும் கண்டுபிடிப்பைச் சோதித்திருக்க மாட்டார்கள். படிவம் 18 கொடுத்துப் பரிசோதனை கேட்டு, ஆட்சேபங்களுக்குப் பதில் சொன்ன பிறகே உரிமை கிடைக்கும். ஆகவே 'வெளியானது' என்பதை 'பெற்றார்' என்று எழுதுவது பொய். விண்ணப்ப எண் 12 இலக்கம்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம். சென்னைக்கு 4. வடிவமைப்புப் பதிவு தனிச் சட்டத்தின்கீழ் வருவது. அதைக் காப்புரிமை நெடுவரிசையில் சேர்க்காதீர்கள்.

'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் வழங்கிய விருது போல எழுதுகிறார்கள். அது ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் அயோனிடிஸ் குழு, ஸ்கோப்பஸ் தரவைக் கொண்டு கணக்கிட்டு வெளியிடும் தரவுத் தொகுப்பு. வாழ்நாள் முழுமைக்கு ஒன்று, ஓராண்டுக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. எதில், எந்த ஆண்டில், எந்தத் துறைப் பிரிவில் பெயர் இருக்கிறது என்று எழுதினால் அந்தச் சாதனைக்கு உரிய மதிப்பு முழுதாகக் கிடைக்கும்.

ஆய்வுத் திட்டங்களுக்கு ஒப்பளிப்பு ஆணையின் எண், தேதி, தொகை, முதன்மை ஆய்வாளரா இணை ஆய்வாளரா என்பது, 12-ஏ படிவத்தில் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் செலவானதற்கான சான்று) ஆகியவை போதும். முனைவர் பட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் வழங்கிய அறிவிப்பே சான்று. ஆய்வேடு சமர்ப்பித்ததைத் தனியாகக் காட்டுங்கள்.

அனுப்பும் முன் ஒவ்வொரு டிஓஐ எண்ணையும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒருமுறை தேடுங்கள். டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு 2023இல் அதை வாங்கியதிலிருந்து முழுத் தரவையும் யாரும் இலவசமாகப் பெறலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை பட்டியலில் இருந்தால் எண்ணிக்கையிலிருந்து கழித்து, வரியை அழிக்காமல் குறிப்போடு வைத்திருங்கள். அழித்தால் அடுத்த ஆண்டு யாராவது திரும்பச் சேர்த்துவிடுவார்கள். மேற்கோள் எண்ணிக்கையை எங்கே குறித்தாலும் பக்கத்தில் மூலத்தையும் எடுத்த தேதியையும் போடுங்கள். ஒரே ஆசிரியருக்குக் கூகுள் ஸ்காலர் எண் ஸ்கோப்பஸ் எண்ணைவிடப் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் கலந்தால் துறைக்குள் ஒப்பீடே தப்பாகிவிடும்.