காவல்துறைப் பாடலுக்குள் சைரனை இசையாகச் சேர்ப்பது எப்படி?

காவல்துறையைப் பற்றிய பாடலுக்குச் சைரன் வேண்டுமென்றதும் இணையத்தில் கிடைக்கும் ஒலித்துண்டை எடுத்து ஒட்டிவிடுவதே பலரின் வழக்கம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். அது பல்லவியின் சுருதியோடு சேராமல், பாட்டுக்கு நடுவே யாரோ சன்னலைத் திறந்துவிட்டதைப் போல ஒலித்தது. சைரனும் சுருதிக்கும் தாளத்துக்கும் கட்டுப்பட்டால்தான் பாடலின் பகுதியாகும் என்பது அப்போது புரிந்தது.

ஒலியை உருவாக்குவதற்கு முன், பாடலில் பேசுபவர் எங்கே நிற்கிறார் என்று முடிவு செய்யுங்கள். எடி கிராண்ட் எழுதி, அவர் இருந்த பிரிட்டிஷ் இசைக்குழுவான ஈக்வல்ஸ் பாடிய 'போலீஸ் ஆன் மை பேக்' பாடலில் பேசுபவன் துரத்தப்பட்டு ஓடுகிறவன். 1980-இல் பிரிட்டிஷ் ராக் குழுவான கிளாஷ் அதை மீண்டும் பதிவு செய்தபோது, மின் கிதாரையே சைரன்போல் அலற வைத்தது. 1993-இல் வெளிவந்த 'சவுண்ட் ஆஃப் தா போலீஸ்' பாடலில் ராப் கலைஞர் கேஆர்எஸ்-ஒன் எந்தக் கருவியையும் நாடாமல் தம் குரலாலேயே சைரனைக் கூவிக் காட்டினார். கேட்பவர்களும் கூடவே கூவ முடிந்ததால், எனக்கு இதுவே எல்லாவற்றிலும் வலிமையான உத்தியாகத் தோன்றுகிறது. எனவே முதலில் வாயால் பாடிப் பாருங்கள். குரலுக்குள் அடங்கும் சைரன் எந்தக் கருவியிலும் அடங்கும்.

அடுத்து வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெதுவாக ஏறி இறங்கும் நீண்ட ஊளை, நொடிக்கு மூன்று முறை துடிக்கும் வேக ஒலி, இரண்டே சுரங்கள் மாறி மாறி வரும் ஒலி ஆகிய மூன்றும் பரவலாகக் கேட்பவை. பிரெஞ்சுக் காவல் வண்டிகளின் இரட்டைச் சுரம் 435, 580 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் அமைந்தது. இவற்றின் விகிதம் மூன்றுக்கு நான்கு, அதாவது நம் சட்ஜமும் சுத்த மத்தியமமும். ஆகவே உங்கள் பாடலின் ராகத்தில் சுத்த மத்தியமம் இருந்தால், பாடலின் சுருதியிலேயே 'ச–ம–ச–ம' என்று வாசித்தால் போதும், கேட்பவர் அதைச் சைரன் என்று உடனே அடையாளம் காண்பார்.

ஊளை வேண்டுமானால், சின்தசைசரில் ஒலி அலையை உருவாக்கும் ஆசிலேட்டர் ஒன்றைச் சதுர அலையில் வைத்து, சுருதியை ஏற்றி இறக்கும் வேலையை எல்எஃப்ஓவிடம் (காதுக்குக் கேட்காத அளவு மெதுவாக அசைந்து மற்றொன்றை அசைக்கும் அலை) விடுங்கள். ஏற்ற இறக்கம் சுமார் 600 முதல் 1,500 ஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். உச்சிச் சுரம் உங்கள் ராகத்தின் சுரங்களில் ஒன்றில் முடிவது நல்லது. நிமிடத்துக்கு 90 அடி என்ற வேகத்தில் எட்டு அடி கொண்ட ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனம், அதாவது ஒரு முழுச் சுற்று, ஏறத்தாழ 5.3 நொடி நீளும். ஓர் ஊளை ஓர் ஆவர்த்தனம் முழுவதும் ஏறி இறங்கினால், உண்மையான சைரனின் நிதானமும் கிடைக்கும், தாளமும் குலையாது. வேக ஒலிக்கு அதே நடையில் அடிக்கு இரண்டு துடிப்பு என்று வைத்தால் நொடிக்கு மூன்று கணக்காக வந்துவிடும்.

வண்டி கடந்து போவதைக் காட்ட விரும்பினால், ஒலி அளவைக் குறைத்தால் மட்டும் போதாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நம்மைத் தாண்டும்போது, சைரனின் சுருதி சதுசுருதி ரிஷபத்திலிருந்து (ச-வுக்கு ஒரு முழுச் சுரம் மேலே இருக்கும் ரி) சட்ஜத்துக்கு இறங்குவதைவிடச் சற்றே குறைவாக இறங்கும். அந்த இறக்கத்தைப் பிட்ச் பெண்ட் சக்கரத்தால் ஒரு நொடிக்குள் வழுக்கிக் கொடுத்து, கூடவே ஒலியை இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

கார் ஓட்டிக்கொண்டே பாட்டுக் கேட்பவர் சைரன் ஒலித்ததும் பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறதோ என்று பதறிக் கண்ணாடியைப் பார்ப்பார். ஆகவே பாடலைச் சைரனில் தொடங்காமல், தாளம் நிலைகொண்ட பிறகே அதை நுழைத்து, மேல் அதிர்வெண்களை ஃபில்டரால் மழுக்கிவிடுங்கள். சாலையோர மேடையில் பாடும்போது அந்தப் பகுதியை ஒலிபெருக்கியில் விடாமல், குரலால் மட்டுமே கூவுங்கள்.