ஒரே ஸ்ட்ரக்ட், மூணு சைஸு: எஸ்டி கார்டு ஃபைலை எங்க போட்டாலும் படிக்கிற மாதிரி எழுதுறது எப்படி

மண்டபத்துல மச்சானோட வல்லத்துக்கு ஒரு ஜிபிஎஸ் லாகர் பண்ணிக் குடுத்தேன், ஆர்டுயினோ ஊனோங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டும் ஒரு எஸ்டி கார்டும் அவ்ளோதான், வலை விட்ட எடத்தைக் குறிச்சு வச்சுக்கணும்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்தாரு. கரைக்கு வந்ததும் கார்டை லேப்டாப்புல போட்டா வல்லம் பாக் நீரிணையிலயே இல்ல. "நான் எப்படா அங்க போனேன்"னு ஒரே சிரிப்பு அவருக்கு.

தப்பு என்னோடதுதான், சி மொழியில பல மதிப்பை ஒண்ணா கட்டி வைக்கிற ஸ்ட்ரக்டை அப்படியே தூக்கி ஃபைல்ல கொட்டிட்டேன். வகைக்கு ஒரு கேரக்டர் (1 பைட்டு), நேரத்துக்கு ஒரு லாங் (முழு எண்), அட்சரேகை தீர்க்கரேகைக்கு ரெண்டு டபுள் (தசம எண்). ஊனோவுல லாங் 4 பைட்டு, டபுளும் 4தான் (பேருக்குத்தான் டபுள்), நடுவுல இடைவெளியே விடாது, மொத்தம் 13. அதே ஸ்ட்ரக்ட் 64 பிட் லினக்ஸ்ல 32 பைட்டு, 64 பிட் விண்டோஸ்ல லாங் 4 பைட்டுங்கிறதால 24. அங்கெல்லாம் டபுள் 8ஆல வகுபடுற முகவரியில உக்காரணும்னு கம்பைலரே வெத்து பைட்டைத் திணிச்சு வைக்கும், மீன் பெட்டியில இடுக்குல ஐஸ் அள்ளிப் போடுற மாதிரி, அந்த ஐஸையும் சேத்து எடை போட்டா என்ன ஆகும்.

அதனால கோடுல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. 0வது பைட்டு வகை, 1லேருந்து 4 நேரம், 5லேருந்து 8 அட்சரேகை, 9லேருந்து 12 தீர்க்கரேகை. அந்தப் பேப்பர்தான் ஃபார்மட், ஸ்ட்ரக்ட் இல்ல. டபுளை விட்டுட்டு டிகிரியை 1 கோடியால பெருக்கி 32 பிட் முழு எண்ணா வைங்க, 180 டிகிரியே 180 கோடிதான், 214 கோடி வரைக்கும் எடம் இருக்கு.

எழுதும்போது எண்ணோட கீழ் பைட்டு (சின்ன மதிப்பு இருக்கிறது) முதல்ல, அப்புறம் 8, 16, 24 பிட் வலது பக்கம் ஷிஃப்ட் பண்ணி ஒண்ணொண்ணா எழுதுங்க. படிக்கும்போது அதையே திருப்பி, ஆனா ஷிஃப்டுக்கு முன்னாடி ஒவ்வொரு பைட்டையும் அன்சைன்டு (கழித்தல் குறி இல்லாத) 32 பிட்டா மாத்திக்கோங்க, ஊனோவுல இன்ட் 16 பிட்டுதான், 24 தள்ளுனா போச்சு.

வெத்து பைட்டு வேணாம்னு கம்பைலர்கிட்ட சொல்ற பேக்டுங்கிற வார்த்தையை ஸ்ட்ரக்டுல போட்டா முடிஞ்சுதேன்னு கேப்பீங்க. இடைவெளி போகும், லாங் சைஸும் பைட் வரிசையும் அப்படியே நிக்கும், அதோட கார்டெக்ஸ் எம்0 மாதிரி சிப்ல, ஸ்ட்ரக்டுக்கு உள்ள இருக்கிற ஃபீல்டுக்கு பாயின்டர் (முகவரி) எடுத்துப் படிச்சீங்கன்னா, அந்த முகவரி சரியா வகுபடாதப்போ ப்ரோகிராம் ஹார்டு ஃபால்ட்ங்கிற பிழையில நின்னுடும்.

ஃபைல் தலையில நாலு எழுத்து அடையாளம், வெர்ஷன், ரெக்கார்டு சைஸு வச்சிருங்க.

கடைசியா பாம்பனுக்கு 9.28 டிகிரினு ஒரே ஒரு ரெக்கார்டு எழுதி ஹெக்ஸ் டம்ப்ல (ஃபைலோட பைட்டுகளை 16 அடிமான எண்ணா காட்டுறது) பாருங்க, அட்சரேகை எடத்துல 00 04 88 05னு இருக்கணும். 05 முன்னாடி வந்துச்சுன்னா வரிசையைத் தலைகீழா எழுதியிருக்கீங்க.