கீழ்மலைச் சொந்தங்களைப் பார்க்கத் தனியாகப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பழனி மலைக்காரர்களின் பேச்சில் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் பக்கம் மேல்மலை. தாண்டிக்குடி, பண்ணைக்காடு, கே.சி.பட்டி பக்கம் கீழ்மலை. என் அம்மாவின் சித்தப்பா, எங்களுக்குச் சின்னத் தாத்தா, காபித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை வேலை கிடைத்துக் கீழ்மலைக்குப் போனவர். போனவர் கொஞ்சம் நிலம் வாங்கி அங்கேயே தங்கிவிட்டார். கல்யாணப் பத்திரிகை வரும், நாங்கள் மொய் அனுப்பிவைப்போம். உறவு அந்த அளவில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதினான்கு வருஷம் கழித்து, போன டிசம்பரில், மதுரையிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நான் மட்டும் கிளம்பினேன். மூன்று நாள் பயணம். ரோட்டில் நான் செய்த தவறுகள் குறைவு. வீட்டு வாசலில் செய்தவைதான் அதிகம்.

பெரிய தவறு, மேப் காட்டிய வரிசையில் வீடுகளுக்குப் போனது.

வத்தலக்குண்டு தாண்டியதும் இரண்டு வழி. எல்லோரும் போகும் கொடைக்கானல் மெயின் ரோடு ஒன்று. மற்றொன்று பட்டிவீரன்பட்டி, அய்யம்பாளையம், சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் சின்ன ரோடு. கூட்டமில்லாத ரோடு என்று இரண்டாவதைப் பிடித்தேன். அந்த வழியில் முதலில் வருவது தாண்டிக்குடி சின்ன மாமா வீடு, அப்புறம் பண்ணைக்காட்டில் பெரிய அத்தை வீடு. பெரிய மாமா இறந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சாவுக்கு நான் போகவில்லை. சின்ன மாமா வீட்டில் இலை போட்டுச் சாப்பிட்டு, சிரித்துப் பேசி, சாயங்காலம் கையில் ஒரு கிலோ மைசூர்பாகுடன் அத்தை வீட்டுப் படியேறினேன். அன்று வெள்ளிக்கிழமை.

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மைசூர்பாகை வாங்கிப் பிரிக்காமல் சன்னல் திட்டில் வைத்தார். உள்ளேயிருந்த கிழவி ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டார்: "ஏப்பா, துக்கம் கேக்க வர்றவன் வெள்ளிக்கிழமையும் அதுவுமா, இனிப்பத் தூக்கிக்கிட்டா வருவான்?"

எனவே கிளம்புவதற்கு முன் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து எந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் போகாத சாவு இருந்தால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். எங்கள் பக்கம் செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்கப் போவதில்லை. இனிப்பும் பூவும் கொண்டுபோவதில்லை. கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்றும் சொல்வதில்லை, சும்மா எழுந்து வந்துவிட வேண்டும். நான் செய்திருக்க வேண்டியது எளிது. வியாழக்கிழமை கிளம்பி, மெயின் ரோட்டிலேயே ஊத்து என்ற ஊர் வரை ஏறி, அங்கே பிரியும் ரோட்டில் பண்ணைக்காட்டுக்கு முதலில் போய்விட்டு, தாண்டிக்குடிக்கு அப்புறம் போயிருக்கலாம். அதே ரோடுதான், சுற்றும் திசை மட்டும் வேறு.

அடுத்தது, சொல்லாமல் போய் நின்றது. திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். கீழ்மலையில் நவம்பர் முதல் ஜனவரி வரை காபிப் பழம் எடுக்கும் காலம். பழுத்ததை விட்டால் உதிர்ந்துபோகும், ஆள் கிடைத்த நாளில் எடுத்தாக வேண்டும். பகல் பதினொரு மணிக்கு நான் போனபோது சின்ன மாமா வீட்டில் பூட்டு தொங்கியது. எல்லோரும் தோட்டத்தில். வாசலுக்கு எதிரே சிமெண்டுத் தளம் ஒன்று காலியாக இருப்பதுபோலத் தெரிய, நிழலாக இருக்கிறதே என்று காரை அதில் ஏற்றி நிறுத்தினேன். அது காபி காயவைக்கும் களம். பாதியில் பழம் பரப்பி, பனிக்காகத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். பின் சக்கரம் தார்ப்பாயின் ஓரத்தில் ஏறி, அடியில் நறநறவென்று ஏதோ நொறுங்கியது. மத்தியானம் வந்த மாமா சிரித்தபடியே நசுங்கியதைக் கூட்டி அள்ளி ஓரமாகக் கொட்டினார். காபி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளுமாம், டயர் பட்டதை நல்லதோடு சேர்க்கக் கூடாதாம். இழப்பு இரண்டு மூன்று கிலோதான் இருக்கும். ஆனால் அந்த மூன்று நாளில் போன வீடெல்லாம் எனக்கு முன்னால் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருந்தது.

முன்கூட்டியே போன் போடுங்கள். போட்டால் மட்டும் போதாது, "இப்ப என்ன வேலை ஓடுது?" என்றும் கேளுங்கள். காபி முடிந்தால் மிளகு வந்துவிடும். பூம்பாறையில் பூண்டு. வேலையே இல்லாத மாதம் கிடையாது, ஆனால் பொழுது சாய்ந்தபின் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். பேச்சும் அப்போதுதான் வரும்.

கையில் என்ன கொண்டுபோவது என்பதிலும் கோட்டை விட்டேன். மதுரையிலேயே ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவைத்திருந்தேன். விருப்பாச்சி மலைவாழை விளையும் மலைக்கு! பழனி பஞ்சாமிர்தத்துக்கே இந்த மலைப்பழம்தான் போகிறது. முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் வாழைத் தோட்டமெல்லாம் அழிந்து, மறுபடி பாடுபட்டு மீட்டெடுத்த பழம் அது. மச்சான் என் பூவன் சீப்பைத் தூக்கிக் காட்டி, "இதக் கொல்லையில கட்டுனா குரங்குகூடத் தொடாது" என்றான். மலையில் விளையாததைக் கொண்டுபோங்கள். நல்லெண்ணெய், புளி, கருவாடு, கடலை மிட்டாய் எல்லாம் செல்லும். மதுரையிலிருந்து போகும் வழியில் நிலக்கோட்டை வரும். பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர். துக்கமில்லாத வீடாக இருந்தால் அங்கே ஒரு பந்து மல்லிகை வாங்கிக்கொள்ளுங்கள், எந்த அத்தையும் உருகிவிடுவார். குளிர்பான பாட்டில் மட்டும் வேண்டாம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது.

லாட்ஜில் ரூம் போட்டதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். "நாங்க செத்தா போயிட்டோம்?" என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

சாப்பாடு. ஒரு நாளில் மூன்று வீடு என்றால் மூன்று வீட்டிலும் சாப்பிட வேண்டும். முதல் வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு இரண்டாவது வீட்டில் "காப்பி போதும்" என்றால் அது பல வருஷம் நிற்கும். எல்லா இடத்திலும் இரண்டு இட்லி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்வது கொஞ்சம் சங்கடமானது. பல வருஷம் எட்டிப் பார்க்காதவன் திடீரென்று தனியாக வந்தால், சின்னத் தாத்தா வாங்கிய நிலத்தைப் பற்றி ஏதோ பேச வந்திருக்கிறான் என்றுதான் ஊர் நினைக்கும். நான் வேறு முதல் நாளே, சும்மா பேச்சுக்கு, "இப்ப ஏக்கர் என்ன விலை போகுது மாமா?" என்று கேட்டுத் தொலைத்தேன். மாமா முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை, பக்கத்திலிருந்த மச்சான் கவனித்தான். ராத்திரி அவன்தான் தனியாகக் கூப்பிட்டு, "பாகம் கேக்க வந்திருக்கியோன்னு அப்பா தூங்காமக் கெடக்காரு" என்றான். எங்கள் அம்மா வழிக்கு அந்த நிலத்தில் ஒரு சென்ட் பாத்தியதையும் கிடையாது. ஆனாலும் சந்தேகம் சந்தேகம்தானே. விலை, பட்டா, சர்வே நம்பர் பக்கமே போகாதீர்கள். பழைய போட்டோக்களைப் பார்க்க வந்தேன், தாத்தா கதை கேட்க வந்தேன் என்று காரணத்தை முதல் அரைமணி நேரத்திலேயே சொல்லிவிடுங்கள். போட்டோவையும் அவர்கள் வீட்டில் வைத்தே செல்போனில் எடுத்துக்கொள்ளுங்கள், "கொண்டுபோய் பிரிண்ட் போட்டுத் தர்றேன்" என்று அசலைத் தூக்கி வராதீர்கள். படத்தில் இருப்பவர் யார், யாருக்கு என்ன முறை என்பதை அங்கேயே கேட்டு எழுதிவிடுங்கள். எனக்குச் சொன்ன கிழவிக்கு எண்பதுக்கு மேல்.

ரோட்டு விஷயம். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி ஐம்பது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெட்ரோலைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். குறுகலான இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வராமல் சின்ன கியரில் இறங்குங்கள், பிரேக் தீய்ந்த வாடை வந்தபின் யோசித்துப் பயனில்லை. மேப் காட்டும் சில குறுக்குவழிகள் தோட்டத்து ரோடுகள். கடைசியில் கேட் போட்டிருக்கும், திருப்ப இடமும் இருக்காது. "ரேஷன் கடைக்கு அடுத்த ஏத்தம்" என்று மாமா சொன்ன அடையாளம் மேப்பைவிடச் சரியாக இருந்தது. இருட்டியபின் ஓட்டவே ஓட்டாதீர்கள். மூடுபனியில் வளைவுக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நின்றாலும் தெரியாது.

மேல்மலையிலும் சொந்தம் இருந்தால் கொடைக்கானலைத் தாண்டித்தான் போக வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் அங்கே போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருக்கிறது. கட்டணம் இல்லை. மலையேறிய பிறகு எடுக்கலாம் என்று விட்டால் சிக்னல் காலை வாரும், வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். பூம்பாறைச் சித்தி என்னைப் பார்த்ததும், "2018-ல குறிஞ்சி பூத்தப்ப ஊரே வந்துச்சு, நீ மட்டும் வரல" என்றார். அடுத்தது 2030-இல். அதுவரை காக்கவைக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

திரும்பும்போது கார் டிக்கியில் சௌசௌ, பட்டர் ஃப்ரூட், மிளகு, ஒரு தார் மலைவாழை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அதுவும் தவறுதான். பழனி வழியாக இறங்கி ராத்திரி ஒன்பதரைக்கு வீடு சேர்ந்து, அசதியில் அப்படியே படுத்துவிட்டேன். பதினொரு மணிக்கு அம்மா எழுப்பினார். பண்ணைக்காட்டு அத்தை லைனில் இருந்தார், நான் வந்து சேர்ந்தேனா என்று அதுவரை மூன்று தடவை கேட்டுவிட்டாராம்.