வீட்டிலேயே செய்யலாம், பூ உலர்த்தும் பலகை

நோட்டுக்குள் பூவை வைத்து, மேலே தடியான அகராதியை ஏற்றிவைத்த அனுபவம் பலருக்கும் இருக்கும். பத்து நாள் கழித்துத் திறந்தால் பாதிப் பூ தாளோடு ஒட்டியிருக்கும், மீதி பழுத்துப்போயிருக்கும். இரண்டு பலகையும் நாலு போல்ட்டும் இருந்தால் இதைவிட உருப்படியான ஒன்றை ஒரு மாலைக்குள் செய்துவிடலாம். தாவரவியல்காரர்கள் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் இதே வகைதான். உலர்ந்த செடியை ஒட்டிப் பாதுகாக்கும் அவர்களுடைய ஹெர்பேரியம் தாள் சுமார் 42 × 29 செ.மீ. இருக்கும் என்பதால் பலகையும் பெரிது. போல்ட்டுக்குப் பதில் வார் போட்டு இறுக்குவார்கள். நமக்கு 20 செ.மீ. சதுரம் போதும்.

பலகைக்குக் கடைக்குப் போய் முழு ஷீட் வாங்க வேண்டாம். அலமாரி வேலை நடக்கும் தச்சுப்பட்டறையில் கேட்டால் 12 மி.மீ. பிளைவுட் துண்டு கிடைக்கும். அவர்கள் மெஷினிலேயே இரண்டு சதுரமாக வெட்டித் தரச் சொல்லுங்கள், விளிம்பு நேராக வரும். 6 மி.மீ. பலகை வேண்டாம். நாலு மூலையிலும் முறுக்கும்போது அது நடுவில் வில்லாக வளைந்துவிடும். நடுவில் இருக்கும் பூவுக்கு அழுத்தமே கிடைக்காது.

ஹார்டுவேர் கடையில் கால் இஞ்ச் கனத்தில் 4 இஞ்ச் நீள போல்ட்டு நாலு, விங் நட்டு நாலு, வாஷர் எட்டு. சில கடைகளில் பட்டர்ஃபிளை நட்டு என்றால்தான் எடுத்துத் தருவார்கள். ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே முறுக்கலாம் என்பதுதான் இதன் சௌகரியம்.

ஒரு பலகையின் நாலு மூலையிலும், இரு விளிம்பிலிருந்தும் 2 செ.மீ. உள்ளே தள்ளிப் புள்ளி வையுங்கள். அப்புறம் இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டேப் சுற்றி, சேர்த்தே துளை போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் எப்படியும் ஒரு துளை விலகிவிடும். 7 மி.மீ. பிட் சரியாக இருக்கும், போல்ட்டு தடையில்லாமல் நழுவும். அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைக்க மறந்தால் கீழ்ப்பலகை சிலாம்பு சிலாம்பாகப் பிய்ந்துவிடும். டேப்பைப் பிரிக்கும் முன் இரு பலகையின் ஓரத்திலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு இழுத்துவிடுங்கள். துளை கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், கோடு கோட்டோடு சேர்ந்தால் போல்ட்டு இறங்கும்.

80 நம்பர் உப்புத்தாளால் ஒருமுறை, 150-ஆல் ஒருமுறை தேய்த்தால் போதும். வார்னிஷ் தேவையில்லை.

உள்ளே வைக்க, பழைய பார்சல் பெட்டியிலிருந்து 18 செ.மீ. சதுரமாக ஏழெட்டு அட்டை வெட்டுங்கள். போல்ட்டில் இடிக்காதபடி ஒவ்வொரு மூலையிலும் 4 செ.மீ. முக்கோணத்தை நறுக்கிவிடுங்கள். நெளி நெளியாக இருக்கும் அட்டைதான் வேண்டும், அந்த நெளிவுகள் வழியாகத்தான் ஈரக்காற்று வெளியேறும். ஓர் அட்டை, மூன்று நான்கு தாள், பூ, மறுபடி தாள், அட்டை என்று அடுக்குங்கள். அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாள் நல்லது. நான் தினசரித்தாளைப் போட்டு ஒரு வெள்ளைச் சங்குப்பூவை எடுத்தபோது, இதழில் வரிவிளம்பரத்தின் நான்கு எழுத்துகள் இடம்வலமாகப் பதிந்திருந்தன. வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது.

முதல் தடவை நான் செய்த தப்பு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கியது. செம்பருத்தி நசுங்கிச் சாறாகி, ஐந்தாம் நாள் திறந்தால் பச்சைப் பூசணம். பலகையின் வேலை பூவைச் சுருங்காமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான். ஈரத்தை எடுப்பது தாள். ஆகவே விரல் பலத்துக்கு முறுக்கி நிறுத்துங்கள். மறுநாளே பிரித்துத் தாளை மாற்றுங்கள், அடுத்த இரண்டு நாளும் மாற்றுங்கள். இந்த மூன்று நாளில் சோம்பேறித்தனம் பட்டால் பூ போச்சு. பூவில் ஈரம் குறையக் குறைய அடுக்கு தளரும், அப்போது அரைச்சுற்று கூட்டினால் போதும்.

தொடக்கத்துக்குக் காகிதப்பூவை மிஞ்ச எதுவும் இல்லை. பெயருக்கேற்றபடி பாதி உலர்ந்தே பிறந்த பூ, நிறமும் நிற்கும். கனகாம்பரமும் நன்றாக வரும். மல்லிகை பழுப்பாகிவிடும். செம்பருத்தியில் வழவழப்பு இருப்பதால் தாளில் ஒட்டும், பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாமந்தியை நட்டநடுவில் பிளேடால் பாதியாக வகிர்ந்து வையுங்கள், இல்லையென்றால் நடுத்தலை மேடாக நின்று சுற்றியுள்ள இதழ்களில் அழுத்தம் படாது. முருங்கை, புளி இலைகளை ஆசைப்பட்டு வைக்காதீர்கள். காய்ந்ததும் காம்பு தனி, இலை தனியாகக் கொட்டிவிடும். எதுவானாலும் பனி காய்ந்த பிறகு, காலை பத்து மணிவாக்கில் பறியுங்கள்.

வெயில் காலத்தில் ஏழெட்டு நாள், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகும். ஆயிற்றா என்று பார்க்கப் பூவைக் கன்னத்தில் லேசாக வைத்துப் பாருங்கள். ஜில்லென்று பட்டால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது; தாளை மாற்றி இன்னும் இரண்டு நாள் மூடி வையுங்கள்.